புதைமேட்டுக்குள் இருப்பது யார்? டோல்கீனின் சாபக் கல்லறையும் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களும்

பாழ்பட்ட நிலம், அதன் நடுவே ஒரு பழங்கால மன்னர் கல்லறை, அதற்குள் உறக்கம் கலைந்து கிடக்கும் ஏதோ ஒன்று. மிகுபுனைவு படிப்பவர்களுக்கும் கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்கும் இந்தக் காட்சி பழகிப்போனது. அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்ததில் பெரும்பங்கு 1954-ல் வெளிவந்த 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' நாவலின் எட்டாம் அத்தியாயத்துக்கு உண்டு. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் அங்கே நான்கு ஹாபிட்டுகளைப் பாரோ-டவுன்ஸ் என்னும் புதைமேட்டு நிலத்தில் மூடுபனிக்குள் சிக்கவைத்து, ஒரு கல்லறைக்குள் இழுத்துப் போடுகிறார். உள்ளே ஓர் ஆவி இருக்கிறது. அது யார் என்பதை அத்தியாயம் தெளிவாகச் சொல்வதில்லை.

அந்த மேட்டில் புதைக்கப்பட்டவனே ஆவியாக எழுந்தானா? வெளியிலிருந்து வந்த ஒன்று அவன் எலும்புகளுக்குள் குடிபுகுந்ததா? சாபம் புதையலில் இருக்கிறதா, நிலத்தில் இருக்கிறதா? எழுபது ஆண்டுகளாக வாசகர்களும் ஆய்வாளர்களும் தந்துவரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு பதிலும் இறந்தவர்களைப் பற்றி வெவ்வேறு தீர்ப்பை உள்ளடக்கியிருப்பதால் கேள்வியைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

அத்தியாயம் சொல்வதும் சொல்லாததும்

முதலில் மூலத்தைப் பார்ப்பது நல்லது. வழியில் தங்கவைத்த டாம் பாம்படில் எச்சரித்து அனுப்பியும் ஹாபிட்டுகள் நண்பகலில் ஒரு நடுகல்லில் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். விழிக்கும்போது பனி சூழ்ந்திருக்கிறது. கதவுத் தூண்கள்போல் நிற்கும் இரு கற்களைத் தாண்டியதும் ஃப்ரோடோ தனித்துப்போகிறான். பிறகு கண் திறப்பது கல்லறைக்குள்ளே. பசுமை கலந்த வெளிறிய ஒளி. சாம், பிப்பின், மெர்ரி மூவரும் வெள்ளாடை உடுத்தி, தலையில் பொன்வளையமும் மேனியில் பொன்சங்கிலியும் பூண்டு மல்லாந்து கிடக்கிறார்கள். மூவர் கழுத்தின் குறுக்கேயும் உறையில்லாத ஒரே நெடுவாள். மூலையைச் சுற்றிக்கொண்டு, விரல்களை ஊன்றி நடந்தபடி, ஒரு நீண்ட கை அந்த வாளின் பிடியை நோக்கி வருகிறது. தன்னிடமுள்ள மாய மோதிரத்தை அணிந்து தப்பிவிடலாமா என்ற எண்ணம் ஃப்ரோடோவுக்கு ஒரு கணம் எழுகிறது. அதை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த குறுவாளால் அந்தக் கையின் மணிக்கட்டை வெட்டுகிறான். கை துண்டாகிறது, குறுவாளும் பிடிவரை சிதறுகிறது.

இந்தக் காட்சியில் இரண்டு விவரங்கள் கூர்ந்து கவனிக்கத் தக்கவை. ஹாபிட்டுகள் எதையும் திருடப் போகவில்லை; இழுத்துச் செல்லப்பட்டார்கள். இரண்டாவது, ஆவி ஓதும் மந்திரம். சூரியனும் நிலவும் அழிந்து, வறண்டுபோன நிலத்தின்மீது இருளின் தலைவன் கை உயர்த்தும் நாள்வரை இவர்கள் விழிக்கக் கூடாது என்பது அதன் வேண்டுதல். ஆனால் வெளியே இருக்கும் நிலம் வறண்டதல்ல. மரமும் நீரும் இல்லாவிட்டாலும் பசும்புல் மூடிய குன்றுகள் அவை. ஒரு காலத்தில் ஆடுகள் மேய்ந்த இடம். கல்லறை தன்னைச் சுற்றிலும் பாழ்நிலத்தை இன்னும் உண்டாக்கவில்லை, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. பின்வந்த நூற்றுக்கணக்கான சாபக் கல்லறைக் கதைகள் தவறவிட்ட நுட்பம் இது.

முதல் விளக்கம்: இறந்தவனே காவலன்

மிகப் பழைய பதில் வட ஐரோப்பாவின் சாகாக்கள் என்னும் பழங்கதைகளில் இருக்கிறது. மேட்டில் புதைக்கப்பட்டவன் சாவதில்லை. தன் செல்வத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான், தொட வருபவனோடு மல்லுக்கு நிற்கிறான். பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட ஐஸ்லாந்தின் 'கிரெத்திர் சாகா'வில் வரும் கார் என்பவனைப் பற்றிய பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நார்வேயில் ஹாரம் தீவில் காரைப் புதைத்திருக்கிறார்கள். அவன் ஆவியாக உலவி, தீவில் நிலம் வைத்திருந்த விவசாயிகள் அனைவரையும் விரட்டிவிட்டான். கடைசியில் முழுத் தீவும் அவன் மகன் தோர்ஃபின் கைக்கு வந்தது. மகனின் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தீங்கும் இல்லை. கிரெத்திர் கயிறு கட்டி இறங்கி, குதிரை எலும்புகளுக்கு நடுவே இருட்டில் போராடி, காரின் தலையைத் துண்டித்துத் தொடையருகே வைத்துவிட்டு வெளியேறுகிறான்.

நிலம் ஆளரவம் இழப்பதற்கும் கல்லறைக்கும் உள்ள உறவு இங்கே வெளிப்படையானது. இறந்தவன் ஊரைக் காலி செய்கிறான், அதன் பலன் அவன் குடும்பத்துக்குப் போகிறது. சாபம் ஒருவகையில் சொத்துரிமை. அதே சாகாவில் கிளாம் என்னும் மேய்ப்பன் செத்தபின் ஒரு பள்ளத்தாக்கையே பாழாக்குகிறான். ஹெர்வோர் என்னும் பெண் எரியும் மேடுகளிடையே போய்த் தன் தந்தை அங்கந்திரிடம் சபிக்கப்பட்ட வாளைக் கேட்டு வாங்கும் கதையும் இந்த மரபில்தான் வருகிறது. ஹெர்வோர் வரும் சாகாவை டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 1960-ல் பதிப்பித்து மொழிபெயர்த்தார். குடும்பத்துக்கே இந்த இலக்கியம் அன்றாடச் சோறு.

டோல்கீனின் புதைமேட்டு ஆவிக்கும் இந்த மரபே முதல் ஊற்று என்பதில் ஐயம் இல்லை. 1934-ல் 'தி ஆக்ஸ்ஃபோர்ட் மேகஸின்' வெளியிட்ட டாம் பாம்படில் பற்றிய கவிதையிலேயே அந்த ஆவி வந்துவிடுகிறது. இரவில் டாமின் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அதை, உன் மேட்டுக்கும் உன் பொன்னுக்கும் திரும்பிப் போ என்று டாம் விரட்டுகிறார். நாவலில் பின்னர் வரும் ஆங்மார் நாடும் அதன் சூனிய அரசனும் அங்கே இல்லை. மேடு அந்த ஆவியின் சொந்த வீடு.

இந்த விளக்கத்தின் பலவீனமும் இங்கேதான். கவிதைக்கு முழுமையாகப் பொருந்துவது நாவலுக்குப் பொருந்துவதில்லை. நாவலில் அந்த மேடுகளில் கிடப்பவர்கள் இருளின் தலைவனுக்குப் பகைவர்கள். அவர்களில் ஒருவன் எழுந்து, அதே இருளின் தலைவன் வெல்லட்டும் என்று மந்திரம் ஓதுவான் என்பதை ஏற்பது கடினம்.

இரண்டாம் விளக்கம்: சாபம் பொன்னில் இருக்கிறது

'பேவுல்ஃப்' காவியத்தைப் பற்றி டோல்கீன் 1936-ல் பிரிட்டிஷ் அகாடமியில் ஆற்றிய உரை அந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அக்காவியத்தில் ஒரு குலத்தின் கடைசி மனிதன் செல்வத்தை ஒரு மேட்டில் விட்டுச் செல்கிறான். ஒரு பறவைநாகம் அதில் குடியேறுகிறது. ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருட, நாடு எரிகிறது. அந்தப் பொன்மீது பழைய இளவரசர்கள் ஊழிக்காலம்வரை நிற்கும் சாபம் ஒன்றை வைத்திருந்தார்கள் என்றும் காவியம் பிற்பகுதியில் சொல்கிறது. பேவுல்ஃப் இறந்ததும் அவன் மக்கள் அந்தச் செல்வத்தை அவனோடு சேர்த்து மீண்டும் புதைத்துவிடுகிறார்கள். அது யாருக்கும் பயன்படாமலே போகிறது.

புதைமேட்டு அத்தியாயத்தை இந்த வெளிச்சத்தில் படிப்பவர்கள், ஹாபிட்டுகளை மீட்டபின் பாம்படில் செய்யும் ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டுவார்கள், அது சரியான கவனிப்புதான். அவர் புதையலை அள்ளி வந்து வெயிலில் புல்மேல் பரப்பிவைக்கிறார். பறவை, விலங்கு, மனிதர், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அறிவிக்கிறார். அப்போதுதான் மேட்டின் மந்திரம் முறியும், வேறொரு ஆவி திரும்பி வராது. பேவுல்ஃபின் மக்கள் செய்ததற்கு நேர் எதிரான செயல் இது. சேர்த்துவைத்தால் சாபம், பகிர்ந்தால் விடுதலை.

இதைத் துட்டன்காமன் வகைச் சாபத்தோடு குழப்பிவிடக் கூடாது. 1922 நவம்பரில் அந்தக் கல்லறை கண்டறியப்பட்டு, பணம் தந்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரல் 5-ல் கெய்ரோவில் கொசுக்கடி சீழ்வைத்த நோயால் இறந்தபின், தனிச்செய்தி உரிமை 'தி டைம்ஸ்' இதழிடம் போய்விட்டதால் ஏமாந்திருந்த மற்றப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட கதை அது. 2002-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட மார்க் நெல்சனின் ஆய்வு, அப்போது எகிப்திலிருந்த 44 மேலைநாட்டவரை எடுத்துக்கொண்டு, கல்லறைக்குள் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஆயுளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அங்கே சாபம் என்பது அத்துமீறியவனுக்குத் தண்டனை. புதைமேட்டில் அத்துமீறல் நடக்கவே இல்லை.

பொன்னே சாபம் என்ற வாசிப்பு புதையலை விளக்கிவிடுகிறது, ஆவியை விளக்குவதில்லை. பொன் இருந்தும் அந்த மேடுகள் நெடுங்காலம் அமைதியாகவே இருந்தன.

மூன்றாம் விளக்கம்: அனுப்பப்பட்ட குடியேறிகள்

1955-ல் வந்த, இந்த நாவலின் மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பு வேறொரு வரலாற்றைத் தருகிறது. அந்த மேடுகள் மிகப் பழையவை; பல முதலாம் யுகத்திலேயே, மனிதர் மலைகளைக் கடந்து மேற்கே போவதற்கு முன்பு கட்டப்பட்டவை. அந்த மனிதரின் வழிவந்து, பின்னர் திரும்பி வந்த தூநெடைன் மக்கள் அவற்றை முன்னோர் இடமாகப் போற்றினார்கள், தங்கள் அரசர்களையும் அங்கே புதைத்தார்கள். மூன்றாம் யுகம் 1409-ல் ஆங்மாரின் படைகள் கார்டோலன் நாட்டைச் சூறையாடியபோது எஞ்சிய விசுவாசிகள் அந்த மேடுகளிடையேதான் தாக்குப்பிடித்தார்கள். கல்லறைகள் உயிருள்ளவர்களுக்கு அரணாக இருந்தன என்பதைச் சாபக் கதைகளில் தோய்ந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டும். பிறகு 1636-ல் பெருங்கொள்ளைநோய் வந்தது. கார்டோலனின் தூநெடைன் முற்றிலும் அழிந்தார்கள். அதன்பின்புதான் ஆங்மாரிலிருந்தும் ருடௌரிலிருந்தும் தீய ஆவிகள் ஆளில்லாத மேடுகளில் நுழைந்து தங்கின.

டோல்கீன் மறைந்தபின் 1980-ல் வந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பு இன்னும் ஒருபடி போகிறது. அந்த ஆவிகளை அனுப்பியவன் ஆங்மாரின் சூனிய அரசனே. மோதிரத்தைத் தேடி வந்தபோதும் அவன் அங்கே சில நாள் தங்கி அவற்றைத் தட்டியெழுப்பினான்.

காரின் கதையோடு இதை அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். சாகாவில் ஆவி வந்தது, மக்கள் போனார்கள். டோல்கீனில் மக்கள் போனார்கள், ஆவி வந்தது. காரணகாரியம் தலைகீழாகிறது. இறந்தவர்களிடம் குற்றம் இல்லை. அவர்களைக் கவனித்துக்கொள்ள யாரும் மிஞ்சாததே வாசலைத் திறந்துவிட்டது. ஹாபிட்டுகள் வருவதற்குள் ஏறக்குறைய 1,380 ஆண்டுகள் அந்த ஆக்கிரமிப்பு நீடித்திருக்கிறது. சான்றுகளை எடைபோட்டால் இந்த விளக்கமே வலுவானது, அறவுணர்வின் அளவிலும் இதுவே ஆழமானது என்பது இக்கட்டுரையின் சாய்வு.

ஆனால் இதிலும் விரிசல் உண்டு. அந்த ஆவிகள் என்ன வகை? கிறிஸ்டோபர் டோல்கீன் 1988-ல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன் ஆஃப் தி ஷேடோ' காட்டும் தொடக்கக் குறிப்புகளில், மோதிரத்தைத் தேடி வரும் கறுப்புக் குதிரைவீரர்கள் குதிரையேறிய புதைமேட்டு ஆவிகள்தானோ என்று ஆசிரியரே தம்மைக் கேட்டுக்கொள்கிறார். அந்த யோசனை கைவிடப்பட்டது. 1993-ல் வெளிவந்த 'மார்காத்ஸ் ரிங்' நூலில், இறந்தபின் அழைப்பை மறுத்து உடலில்லாமல் அலையும் எல்ஃப் ஆவிகள் பிறர் உடலைக் கைப்பற்ற முயலும் என்றொரு பகுதி இருக்கிறது. சிலர் அதைக் கொண்டு புதைமேட்டு ஆவிகளை விளக்குகிறார்கள். கவர்ச்சியான ஊகம்தான், ஆனால் அந்தப் பகுதி புதைமேடுகளைக் குறித்து எழுதப்பட்டதல்ல. தவிர, வாசகர் நாவலின் ஓட்டத்தில் இருக்கும்போது இந்த வரலாறு அவர் கையில் இல்லை. எட்டாம் அத்தியாயத்தின் திகிலைப் பின்னிணைப்பால் மட்டும் தீர்த்துவிடலாமா என்ற கேள்வி நியாயமானது.

மெர்ரியின் கனவு

எல்லா விளக்கங்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மீட்கப்பட்டு வெயிலில் கண் திறக்கும் மெர்ரி, கார்ன் டூமின் ஆட்கள் இரவில் வந்து தாக்கியதாகவும் ஈட்டி நெஞ்சில் பாய்ந்ததாகவும் சொல்கிறான். நெஞ்சைப் பற்றிக்கொள்கிறான். பிறகு, இல்லை, கனவு கண்டேன் என்கிறான். கார்ன் டூம் ஆங்மாரின் கோட்டை. அந்தப் பெயரை மெர்ரி அறிந்திருக்க வழியில்லை.

அந்த மேடு 1409 போரில் வீழ்ந்த கார்டோலனின் கடைசி இளவரசனுடையது என்று சிலர் சொல்வதாகப் பின்னிணைப்பு குறிப்பிடுகிறது. அப்படியானால் மெர்ரி அனுபவித்தது ஆவியின் நினைவை அல்ல, அதற்கு முன்பே அங்கே கிடந்தவனின் சாவை. கல்லறையில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்: குடியேறியவன் ஒருவன், குடியுரிமை உடையவன் ஒருவன். ஆய்வாளர் வெர்லின் ஃப்ளீகர் 2007-ல் 'டோல்கீன் ஸ்டடீஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கனவை நினைவு, மறுபிறவி ஆகியவற்றின் கோணத்தில் ஆராய்ந்தது. மறுபிறவி என்று துணிந்து சொல்லும் அளவுக்கு நாவல் இடம் தருகிறதா என்பது விவாதத்துக்குரியது. அந்த இளவரசனின் ஆடையும் அணியும் பூட்டப்பட்டு, அவன் இடத்தில் கிடத்தப்பட்ட ஒருவனுக்கு அவன் இறுதி நிமிடம் தொற்றியது என்று மட்டும் சொல்வதே பாதுகாப்பானது.

கனவு வீணாகவில்லை. அந்த மேட்டிலிருந்து பாம்படில் எடுத்துக்கொடுத்த வாளால்தான், பல மாதம் கழித்துப் பெலன்னோர் களத்தில் மெர்ரி சூனிய அரசனைக் குத்துகிறான். ஆங்மாரை எதிர்க்கவே வடித்த வாள் அது. வேறு எந்த வாளும் அந்தக் காயத்தை ஏற்படுத்தியிருக்காது என்று கதைசொல்லி அழுத்திச் சொல்கிறார். ஆவிகளை அனுப்பியவனை வீழ்த்திய ஆயுதம் அவற்றின் காவலில் இருந்தே வந்தது.

சோம் களத்திலிருந்து பார்த்தால்

1916 ஜூலை முதல் அக்டோபர் வரை டோல்கீன் முதல் உலகப்போரின் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தார்; பதுங்குகுழிக் காய்ச்சலால் நாடு திரும்பினார். பள்ளித் தோழர்களில் ராபர்ட் கில்சன் தாக்குதலின் முதல் நாளிலும் ஜி.பி. ஸ்மித் டிசம்பரிலும் மாண்டார்கள். ஜான் கார்த் 2003-ல் எழுதிய நூலுக்குப் பின் டோல்கீனைப் போரிலிருந்து பிரித்துப் படிப்பது அரிதாகிவிட்டது. உயிரோடு மண்ணுக்குள், பக்கத்தில் அசைவற்ற நண்பர்கள், தலைக்கு மேல் மூடிய மேடு. இந்தக் காட்சியில் போர்முனையைப் பார்ப்பவர்களைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் டோல்கீன் தாமே சுட்டியது வேறிடம். 1960-ன் கடைசி நாளில் எழுதிய கடிதமொன்றில், நாவலில் வரும் இறந்தோர் சதுப்பு நிலமும் இருளின் தலைவனின் மோர்டோர் வாசலை அடுத்த நிலமும் சோமுக்குப் பிந்தைய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டவை என்றார். வில்லியம் மோரிஸின் கதைகளுக்கு அதைவிட அதிகம் கடன்பட்டவை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சதுப்பில் பழைய போரின் கல்லறைகளை நீர் விழுங்கிவிட்டது. எல்ஃப், மனிதர், ஓர்க் எல்லாருடைய முகங்களும் நீருக்கடியில் தெரிகின்றன. வழிகாட்டியாக வரும் கொல்லம் தொட முயன்றும் கை எட்டவில்லை. அங்கே புதையலும் இல்லை, காவலனும் இல்லை, பகைவரும் நண்பரும் ஒரே சேற்றில். மோர்டோர் வாசலில் கழிவுக் குவியல்கள் வரிசை வரிசையாக இடுகாடுபோல் நிற்கின்றன. புதைமேட்டில் நிலம் பசுமையாக இருந்து கல்லறை கெட்டது. இங்கே நிலம் முழுவதுமே கல்லறையின் வடிவெடுக்கிறது. போர் அனுபவத்தின் தடம் இந்தப் பகுதிகளில் உறுதியாகத் தெரிகிறது, புதைமேட்டில் அந்த அளவு உறுதி இல்லை.

மண்ணில் உள்ள மேடுகள்

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்மேற்கே, அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்கு அருகில், வேலண்ட்ஸ் ஸ்மித்தி என்னும் ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறை மேடு இருக்கிறது. வாசலில் நிமிர்ந்த பெருங்கற்கள், உள்ளே கல்லாலான அறைகள். டோல்கீன் குடும்பம் உலாப்போன வட்டாரம்தான். அவர் அறிந்த புல்மேடுகள் அத்தியாயத்துக்கு உருவம் கொடுத்திருக்கலாம். சட்டன் ஹூ என்னும் இடத்தில் கிடைத்த கப்பல் புதையலைத் தூண்டுதலாகச் சொல்வது மட்டும் காலக்கணக்கில் நிற்காது. அந்தக் கப்பல் வெளிப்பட்டது 1939 கோடையில். புதைமேட்டு ஆவி 1934-லேயே அச்சேறிவிட்டது, அத்தியாயத்தின் முதல் வரைவு 1938-ஐச் சேர்ந்தது.

பின்வந்தவர்கள்

1974-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு புதைமேட்டு ஆவியை எண்ணற்ற அரக்கர்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கேரி கைகாக்ஸ் 1975-ல் போட்டி ஒன்றுக்காக அமைத்து 1978-ல் வெளியிட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' இந்த மாற்றத்தின் உச்சம். கல்லறை அங்கே பொறிகளின் கூடம். அது எங்கே இருக்கிறது என்பதற்குப் பல இடங்களைக் கொடுத்து, நடத்துபவர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. குன்றோ, சதுப்போ, பாலையோ, எதுவும் சரி. நிலத்திலிருந்து கல்லறை இப்படித்தான் கழன்றது. அதன் சாபத்துக்கு வரலாறு தேவைப்படவில்லை.

'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரின் 2024-ஆம் ஆண்டுப் பருவம் புதைமேட்டு ஆவிகளை இரண்டாம் யுகத்திலேயே காட்டியது. காலவரிசைப் பிழை என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. கார்டோலன் அழிவதற்கு முன்பே ஆவிகள் இருந்துவிட்டால், கொள்ளைநோயும் வெறுமையும் காரணமாக இருக்க முடியாது. மேடு இயல்பிலேயே தீயது என்ற பழைய நம்பிக்கைக்கே கதை திரும்பிப் போகிறது.

தீராதவை

ஆவிகளை அனுப்பியவன் யார் என்பதில் பெரிய ஐயம் இனி இல்லை. அவை எவ்வகை உயிர் என்பதைக் கிடைத்துள்ள எழுத்துகளைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. மேட்டுக்குரியவன் கார்டோலனின் இளவரசன் என்பது 'சிலர் சொல்வது' என்ற அளவில்தான் நிற்கிறது. மெர்ரியின் கனவு அதற்குச் சாதகமான சான்று, தீர்க்கமான சான்றல்ல.

பாம்படில் திறந்துவிட்டது ஒரே ஒரு மேட்டை. மற்றவை அப்படியே கிடக்கின்றன. அவற்றின் தீமை ஆளில்லாமையால் வந்தது என்றால், வடக்கில் மீண்டும் அரசு அமைந்து மக்கள் குடியேறும்போது அது அகல வேண்டும். இறந்தவர்களுடையது என்றால் குடியேற்றத்தால் எதுவும் மாறாது. மூன்றாம் பாகத்தின் இறுதியில் பிரீ ஊரின் விடுதிக்காரரிடம் மந்திரவாதி கண்டால்ஃப், பாழ்நிலங்கள் பாழாகவே இருக்கப்போவதில்லை என்கிறார். பேய் உலவும் இடமென்று ஊரார் அஞ்சும் ஃபோர்னோஸ்ட் நகருக்கு அரசர் வருவார் என்றும் உறுதி தருகிறார். அந்த வாக்குறுதி நிறைவேறியபின் புதைமேடுகள் என்னவாயின என்பதே இந்த விளக்கங்களைச் சோதிக்கக்கூடிய நேரடி உரைகல். டோல்கீன் தொடங்கிச் சில பக்கங்களிலேயே கைவிட்ட 'தி நியூ ஷேடோ' என்னும் தொடர்ச்சி தெற்கே கோண்டோரில் நடக்கிறது. வடக்கு அதில் வருவதில்லை.